மாத்திரையை விழுங்குகிறோம், பழியை ஏன் விழுங்க வேண்டும்?

கடந்த ஏப்ரல் 14 அன்று எங்கள் ஊரில் அண்ணல் பிறந்தநாளை ஒட்டி இரத்த தான முகாம் நடத்தினோம். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடையில், தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளையும் ஊர். காலையில் சிலைக்கு மாலை போட்டு முடித்த கையோடு பெண்கள் ஒன்பது பேர் வரிசையில் போய் நின்றோம். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருக்க வேண்டும். ஒன்பது பேரில் தேறியது இரண்டு பேர். எனக்கு 9.4.

"நீங்க குடுக்க வேண்டாம் மேடம், உங்களுக்குத்தான் ஏத்தணும் போல" என்று சிரித்தார் பரிசோதித்த தம்பி. அதையாவது விட்டுவிடலாம். பின்னால் நின்ற நம் தோழர் ஒருவர், "பிள்ளைய எல்லாம் டயட்டு டயட்டுன்னு ஒடம்பக் கெடுத்துக்கிடுதுவ" என்றார். எனக்கு முன்னால் நின்றவர் பீடி சுற்றும் அக்கா, ஐம்பதைத் தாண்டியவர். அவருக்கு 8.1. அவர் எந்த டயட்டில் இருந்தார் என்று அந்தத் தோழரிடம் கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

ஜன்னல் திட்டில் கிடக்கும் அட்டைகள்

எங்கள் வீட்டு ஜன்னல் திட்டில் எப்போதும் மாத்திரை அட்டைகள் கிடக்கும். நீல மாத்திரை அண்ணன் மகளுக்கு. 13 வயது, அரசுப் பள்ளியில் படிக்கிறாள், வாரம் ஒன்று. சிவப்பு மாத்திரை மதினிக்கு. ஆறு மாதம், தினமும் ஒன்று. அதோடு கால்சியம் மாத்திரையும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, கால்சியம் இரும்பை உடம்பில் ஏற விடாது என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். 54 வயதான அம்மாவுக்கு எந்த நிறமும் இல்லை. தலை கிறுகிறுத்தால் மெடிக்கல் ஷாப்பில் போய், "ஒரு சத்து மாத்திர குடுங்க தம்பி" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வருவார்.

நீலமும் சிவப்பும் நம் கொடிகளின் நிறங்கள்தானே என்று விளையாட்டாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் இந்த நிறங்களுக்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறது. 2018இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' ஆறு பிரிவினரைப் பட்டியல் போட்டிருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சிரப். 5 முதல் 9 வயது வரை வாரம் ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை, அதில் 45 மில்லிகிராம் இரும்பு. 10 முதல் 19 வரை நீலம், 60 மில்லிகிராம். 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கு வாரம் ஒரு சிவப்பு. கர்ப்பிணிக்கு 180 நாள் தினம் ஒன்று, பிள்ளை பெற்ற பிறகு இன்னும் 180 நாள். வருடத்துக்கு இரண்டு முறை குடற்புழு மாத்திரை.

பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். 49 வயதோடு முடிகிறது. பிள்ளை பெறும் வயது தாண்டியதும் பெண் அந்தப் பட்டியலிலிருந்து இறங்கிவிடுகிறாள். முகாமில் 8.1 வந்த அக்காவுக்கு அதில் இடமில்லை, என் அம்மாவுக்கும் இல்லை. இந்த அரசு கவலைப்படுவது பெண்ணின் இரத்தத்தைப் பற்றியா, அவள் பெற்றுப் போடும் பிள்ளையைப் பற்றியா? 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் வந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல திட்டம். நாற்பதைத் தாண்டிய பெண்களின் இரத்தத்தையும் எலும்பையும் தேடி யார் வருவார்கள்?

ஐம்பது வருடமாக ஒரே பதில்

இந்தியாவில் இரும்பு மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியது. வளரிளம் பருவத்தினருக்கு வாராந்திர மாத்திரை 2013இல் வந்தது. அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 53 சதவீதம். ஏறியிருக்கிறது. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் அளவு 53 சதவீதம். எல்லாவற்றிலும் முன்னணி மாநிலம் என்கிறோம், இதில் இந்தியச் சராசரிக்குக் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். பட்டியல் சாதிப் பெண்களிடமும் பழங்குடிப் பெண்களிடமும் இந்த அளவு இந்தியச் சராசரியைவிடக் கூடுதல்.

ஏன் குறையவில்லை? அதிகாரிகளும் பல மருத்துவர்களும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "கொடுக்கிறோம், விழுங்க மாட்டேன் என்கிறார்கள். விழிப்புணர்வு இல்லை." கணக்கெடுப்பும் அதற்குத் தோதாக ஓர் எண்ணைத் தருகிறது. கர்ப்ப காலத்தில் 180 நாளோ அதற்கு மேலோ மாத்திரை சாப்பிட்டவர்கள் இந்திய அளவில் 26 சதவீதம்தான்.

விழுங்காத கதையை விழுங்க வேண்டியவளிடம் கேட்போம்.

இரும்பு மாத்திரை வயிற்றை எரிக்கும், குமட்டும், மலச்சிக்கல் கொடுக்கும், மலம் கறுப்பாகப் போகும். இது எந்த மருத்துவருக்கும் தெரியும். அதனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடு என்கிறார்கள். எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு? நடவுக்குப் போகிறவள் ஆறு மணிக்குக் கட்டஞ்சாயாவைக் குடித்துவிட்டு இறங்குகிறாள். முதல் கவளம் வாய்க்குப் போக பத்தரை, பதினொன்று ஆகும். தேயிலையில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், மாத்திரை போடும் நேரத்தில் டீ குடிக்கக் கூடாது. ஆனால் பசியை அமர்த்த அவளிடம் இருக்கும் மலிவான பொருள் அந்த டீதான்.

முக்கூடல், மேலப்பாளையம், வீரவநல்லூர்ப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. மடியில் தட்டை வைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். எழுந்தால் கணக்குக் குறையும். ஒதுங்க இடமில்லாத வீடுகளில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அந்த உடம்புக்கு மலச்சிக்கல் கொடுக்கும் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, விழுங்கவில்லை என்று புகார் எழுதுகிறோம். எங்கள் தெருவில் ஓர் அக்கா மாத்திரையை வாங்கி முருங்கை மரத்து மூட்டில் போட்டுவிடுவார். "மரத்துக்காவது சத்து ஏறட்டும்ட்டி" என்பார். அவருக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தன் உடம்பை அவர் நன்றாகவே அறிந்துவைத்திருந்தார்.

கொக்கிப்புழு எப்படி உடம்புக்குள் வருகிறது? மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவரின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு. குடலுக்குப் போய்ச் சுவரைக் கடித்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. கார், பிசானம் இரண்டு பட்டத்திலும் சேற்றில் வெறுங்காலோடு நிற்பது யார்? தலைமுறை தலைமுறையாக ஊர்த்தெருவில் செருப்பு போடக் கூடாது என்று யாரிடம் சொன்னார்கள்? ஆச்சியின் காலில் செருப்பு ஏறியது அறுபது வயதுக்குப் பிறகு. அந்தக் கால் வழியாக எவ்வளவு இரத்தம் போயிருக்கும் என்று எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. இரத்தசோகையைச் சத்துக் குறைபாடு என்று மட்டும் சொல்லும்போது நிலமும் கழிப்பறையும் செருப்பும் கதையிலிருந்து காணாமல் போகின்றன.

தட்டில் விழுவதும் விழாததும்

ஐ.சி.எம்.ஆர். 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும். பெண்ணுக்கு 29. மாதாமாதம் இரத்தம் போகிறதே. நம் வீட்டுச் சட்டுவம் இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போடுகிறது. குழம்பில் இருக்கும் ஈரல் துண்டு அப்பாவுக்கு, பிறகு அண்ணனுக்கு. அம்மாவுக்குச் சட்டியைத் துடைத்த சோறு. இது அக்ரகாரத்தில் மட்டும் நடப்பதில்லை. அண்ணல் படம் மாட்டிய நம் வீடுகளிலும் நடக்கிறது. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வந்து, ரெண்டு முட்டையில் ரெண்டும் தனக்கு என்று தட்டை நீட்டும் தோழரை நான் பார்த்திருக்கிறேன். அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

பெண்ணுக்குத் தனியாகச் சாப்பாடு போடும் நாட்கள் உண்டு. வயசுக்கு வந்தால் உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், முட்டை. பிள்ளை பெற்றால் கருவாடு, சுறாப்புட்டு, பிரசவ லேகியம். ஊர் கவனித்துப் போடும் சோறு பெண்ணின் வாழ்க்கையில் இரண்டே தடவைதான்: கருவுறத் தயாரானபோது, பெற்றெடுத்தபோது. அரசின் மாத்திரைப் பட்டியலும் வீட்டின் வழக்கமும் ஒரே இடத்தில் போய் நிற்பதைக் கவனியுங்கள்.

இப்போது 'பாரம்பரிய உணவு' பேசுகிற ஒரு கூட்டம் வந்திருக்கிறது. இரும்பு மாத்திரை கெமிக்கல், தூக்கிப் போடு, முருங்கைக்கீரையும் கம்பங்கூழும் போதும் என்கிறார்கள். இவர்கள் பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகிறவளுக்கு, சாதாரணமாகத் தாங்கக்கூடிய இரத்தப்போக்கும் உயிரை எடுத்துவிடும். கீரை நல்லதுதான். ஆனால் கீரையிலும் தானியத்திலும் இருக்கும் இரும்பு உடம்பில் ஏறுவது குறைவு. இறைச்சி, ஈரல், இரத்தம் இவற்றில் இருக்கும் ஹீம் இரும்பு அதைவிடப் பல மடங்கு எளிதாக ஏறும். இறைச்சியோடு சேர்த்துச் சாப்பிட்டால் கீரையின் இரும்பும் கூடுதலாக ஏறும். ஆச்சிக்கு இந்த அறிவியல் தெரியாது. ஆனால் வெளுத்துப்போன பிள்ளைக்கு ஆட்டுச் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுப்பார். கிடைக்கும்போது மாட்டுக்கறி உப்புக்கண்டம் போட்டு வைப்பார். பாரம்பரியத்தின் பேரில் நடக்கும் உணவுத் திருவிழாக்களில் சுவரொட்டிக்கும் மாட்டு ஈரலுக்கும் ஏன் கடை இல்லை? எவருடைய பாரம்பரியத்தைத் தேடி எடுக்கிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஏழைக்கு வாங்க முடிகிற இரும்பைத் தீட்டு என்று சொல்லிவிட்டு, அவள் வெளுத்துப்போனதும் மாத்திரை கொடுக்கிற சமூகம் இது.

இந்தப் பள்ளத்தாக்குக்குச் சோற்று அரசியல் புதிதல்ல. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் நிதி போனது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது 1924-25இல் வெடித்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்து நின்றார்கள். நூறு வருடம் போய்விட்டது. 2023 செப்டம்பரில், பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில், தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டி வந்தது. ஒரு தலித் பெண்ணின் கையால் சோறு வாங்க மாட்டேன் என்கிற ஊரில், அவள் உடம்பில் இரத்தம் இருக்கிறதா என்று யார் கேட்பார்கள்?

விற்பனைக்கு வரும் சத்து

விடுதியில் என்னோடு தங்கியிருக்கும் ஆய்வாளர்களின் அலமாரியில் வேறு வகை சத்து இருக்கும். தலைமுடிக்கு ஒரு கம்மி மிட்டாய், தோலுக்கு ஒரு பவுடர், பி.சி.ஓ.எஸ். என்று போட்ட டப்பா, பெண்களுக்கென்று ரோஸ் நிற புரதப் பொடி. நானும் வாங்கியிருக்கிறேன். ஃபெல்லோஷிப் வந்த மாதம் ஒரு டப்பா வாங்கி, அதில் என் அம்மாவின் எத்தனை நாள் பீடிக் கூலி இருக்கிறது என்று கணக்குப் பார்த்த பிறகு அடுத்த டப்பா வாங்கவில்லை. ஹார்லிக்ஸ் 2024இல் 'ஹெல்த்' என்கிற அடைமொழியைக் கைவிட்டது. அதற்கு முன்னால் எத்தனை வருடம் நம் வீடுகளில் கர்ப்பிணியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார்கள்! அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வந்திருக்கும்?

சந்தை பெண்ணின் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பயத்தையும் ஒரு டப்பாவையும் வைத்திருக்கிறது. அரசு ஒவ்வொரு வயதுக்கும் ஒரு நிறத்தை வைத்திருக்கிறது. இரண்டுமே அவளிடம் 'உன் உடம்பில் ஏதோ குறை' என்றுதான் பேச்சைத் தொடங்குகின்றன. அவள் இரத்தம் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. அம்மாவுக்கு 45 வயதில் மாதத்தில் பத்து நாள் இரத்தப்போக்கு இருந்தது. காட்டப் போன இடத்தில் "இந்த வயசுல அப்படித்தாம்மா இருக்கும்" என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு வருடம் டானிக் குடித்தார். பிறகு ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பையில் கட்டி. மேலே ஊற்றிக்கொண்டே இருந்தோம், கீழே ஒழுகிக்கொண்டே இருந்தது.

கூலி கேட்டவர்களின் ஆறு

சத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் கூலியைப் பற்றிப் பேசாமல் இருக்க தாமிரபரணிக் கரைக்காரி ஒருத்தியால் முடியாது. 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள், கூலி உயர்வு கேட்டார்கள். சிறையில் அடைக்கப்பட்ட தங்கள் ஆட்களை விடுதலை செய்யச் சொன்னார்கள். நெல்லை ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாகப் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் பெண்களும் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு. 2024இல் தோட்ட வேலையே நிறுத்தப்பட்டு, மிச்சமிருந்த குடும்பங்களை மலையிலிருந்து இறங்கச் சொன்னார்கள்.

அவர்கள் கேட்டது கூலி. கூலி என்றால் அரிசி, மீன், முட்டை, பிள்ளைக்குப் பால். சத்துக் குறைபாட்டுக்கு இந்தப் பள்ளத்தாக்கின் உழைக்கும் மக்கள் தாங்களே எழுதிய மருந்துச்சீட்டு அது. அதற்குக் கிடைத்தது லத்தி. அதே அரசு எந்திரம் இன்றைக்கு வந்து, "இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள்" என்று சுவரில் எழுதுகிறது.

என்ன கேட்கப் போகிறோம்?

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நம் வரிப்பணம், நம் உரிமை. எரிச்சல் தாங்க முடியவில்லை என்றால் நிறுத்தாமல் நர்சம்மாவிடம் சொல்லுங்கள், சாப்பிடும் நேரத்தை மாற்றிப் பாருங்கள், எலுமிச்சைச் சாறோடு போடுங்கள், டீயைத் தள்ளி வையுங்கள். ஆனால் மாத்திரையோடு பேச்சு முடியக் கூடாது.

தெலங்கானாவில் 2015 முதல் ஆரோக்கிய லட்சுமி திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியிலேயே ஒரு முழுச்சாப்பாடு, ஒரு முட்டை, 200 மில்லி பால். கர்நாடகம் 2017இல் மாத்ருபூர்ணாவைத் தொடங்கியது. மதிய உணவுக்கு வழிகாட்டிய தமிழ்நாட்டில் கர்ப்பிணிக்குப் பால்வாடியிலிருந்து சத்துமாவு பாக்கெட் வருகிறது. மதினி வாங்கி வரும் அந்த மாவை வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிடுகிறோம். பசிக்கிற வீட்டில் வேறென்ன நடக்கும்? அங்கேயே சுடச்சுட உட்கார்ந்து சாப்பிடும் முட்டைச் சாப்பாடு தமிழ்நாட்டுக்கும் வேண்டும். பள்ளி மதிய உணவில் 2010 முதல் வாரம் ஐந்து முட்டை. 2022இல் வந்த காலை உணவில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும்தான். முட்டை அங்கும் வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் என்பது விதி. 17 வயதில் கட்டிக் கொடுக்கப்பட்டவளும் மூன்றாவது பிள்ளை சுமப்பவளும்தான் அதிகம் வெளுத்துப் போயிருப்பவர்கள். விதி அவர்களைத்தான் வெளியே தள்ளுகிறது. அந்த விதி போக வேண்டும். 49 வயது என்கிற கோடும் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எண்ணைப் பார்த்து மாத்திரை கொடுப்பதோடு நிற்காமல், இரத்தம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். பீடிக் கூலியும் வயல் கூலியும் உயர வேண்டும்.

அரசிடம் கேட்பதற்கு இணையாக நம்மிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. தோழர்களே, அடுத்த ஏப்ரல் 14க்கும் முகாம் போடுவோம். அதற்கு முன்னால், தை மாதமே நம் தெருப் பெண்கள் எல்லோருக்கும் ஹீமோகுளோபின் பார்ப்போம், ஆச்சிமார் உட்பட. குறைந்தவர்களின் பெயரை எழுதி வைத்து, காரணம் தெரியும்வரை கூடவே ஆஸ்பத்திரிக்குப் போவோம். பந்தல் போடுகிற ஆண்கள் அந்த மூன்று மாதமும் வீட்டில் பரிமாறும் வேலையையும் எடுத்துக்கொள்ளட்டும். முட்டையும் ஈரலும் முதலில் யார் தட்டில் விழுகின்றன என்று பார்ப்போம்.

8.1 வந்த அக்காவை நான் போன வாரம் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் போகும்போது அவர் கேட்டார்: "இவ்வளவு நாளும் மேலு வலிக்கி, மூச்சு வாங்குதுன்னு சொல்லும்போதெல்லாம் வயசாயிட்டுன்னுதான சொன்னாவ. அப்போ அது வயசு இல்லையாட்டி?"

இல்லை அக்கா. அது வயசு இல்லை.